கூரையை வெட்டுவதற்கு முன்

திறந்த கார் என்றதும் தமிழ் மனத்தில் எழுகிற சித்திரங்கள் மிகச் சில. முதலாவது ஜானவாச ஊர்வலம். காஸ் விளக்குகளின் வெள்ளை வெளிச்சம், முன்னே நாதசுரம், வாடகைக்கு அமர்த்திய நீளமான அமெரிக்கக் கார், அதன் பின்னிருக்கையில் கோட்டும் மாலையுமாக வியர்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை, அவரைச் சுற்றிலும் இடம்பிடித்துக்கொண்ட வாண்டுகள். இரண்டாவது தேர்தல் ஊர்வலம். திறந்த ஜீப்பில் நின்றபடி கைகூப்பும் வேட்பாளர். மூன்றாவது, அறுபதுகளின் ஈஸ்ட்மன் கலர்ப் படங்களில் கடற்கரைச் சாலையில் பாடிக்கொண்டே போகும் கதாநாயகன்.

முதல் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. காரில் கவனத்துக்குரியவர் காரை ஓட்டுவதில்லை. ஓட்டுநர் முன்னால் எங்கோ இருக்கிறார். அவரை ஒருவரும் பார்ப்பதில்லை. மூன்றாவதில் கதாநாயகன் கையில் ஸ்டியரிங் இருந்தாலும் அவருடைய கண் சாலையில் இல்லை, காமிராவில் இருக்கிறது. ஆக, நம்மிடையே கூரையற்ற கார் என்பது நகரும் மேடை. ஊர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கூரை நீக்கப்படுகிறது. ஐரோப்பாவில் இருவர் அமரும் திறந்த சிறு கார் வளர்ந்த விதம் இதற்கு நேரெதிர். அங்கே கூரை நீக்கப்பட்டது ஓட்டுகிறவன் பார்ப்பதற்காக; வருடத்தில் பாதி நாள் மேகம் மூடிய நாட்டில் கிடைக்கிற வெயிலைத் தவறவிடாமல் இருப்பதற்காக. இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் நம் ஊரில் ஒருவர் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் புறப்படுவது, எந்த ஊருக்கு என்று முடிவு செய்யாமல் பயணச்சீட்டு வாங்குவதற்குச் சமம்.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் செங்கல்பட்டில் இருக்கும் நண்பர் ஒருவர். கொளவாய் ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. பணி ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. கைக்கு வந்த பணத்தில் வீட்டுக் கடன், மகள் திருமணச் செலவு எல்லாம் போக எட்டு லட்சம் மிச்சமிருக்கிறது. நாற்பது வருடமாக மனத்தில் வைத்திருந்த ஆசை ஒன்று இப்போது தலைதூக்கியிருக்கிறது: திறந்த கார் ஒன்றில், விடிகாலையில், மாமல்லபுரம் வரை. அவர் மனைவியின் கருத்து சுருக்கமானது. "வெயில்ல காயறதுக்கு எட்டு லட்சம் கொடுக்கணுமா? மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு!" இந்த வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் முறையான பதில் இல்லை. ஆனாலும் நண்பர் ஒரு காரைப் பார்த்து வைத்துவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், கூரை வெட்டப்பட்டது, ரத்தச் சிவப்பு வண்ணம், புதிய ரெக்ஸின் இருக்கைகள். "கார் பழுதாகி நடுவழியில் நிற்கக் கூடாது, விலை கட்டுப்படியாக வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். மூன்றும் இதில் இருக்கிறதா, சொல்லுங்கள் சார்" என்றார்.

மூன்றும் ஒரே காரில் கிடைப்பது உலகத்திலேயே அரிது. ஆங்கிலேயர்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்த எம்ஜி, டிரையம்ஃப் வகைத் திறந்த கார்கள் லட்சணமானவை, விலையும் எட்டக்கூடியதாக இருந்தது. நம்பகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. எஞ்சின் எண்ணெய் ஒழுகவில்லை என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்பது அந்தக் கார்க்காரர்களிடையே வழங்கும் பழைய வேடிக்கை. 1989இல் ஜப்பானின் மாஸ்டா, எம்எக்ஸ்-5 என்ற சிறு காரைக் கொண்டுவந்தபோதுதான் மூன்றும் ஒன்றாயின. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், ஆங்கிலேயர் கைவிட்டுக்கொண்டிருந்த எளிய திறந்த காரை நீங்கள் செய்யுங்கள் என்று சொன்னதில் தொடங்கிய கதை அது. முன்னால் 1.6 லிட்டர் எஞ்சின், பின் சக்கரங்களுக்கு விசை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடக்கூடிய துணிக்கூரை. விந்தையான தொழில்நுட்பம் எதுவுமில்லை. 2016இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறில்லை.

மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. எனவே அந்த விடை நமக்குப் பயன்படாது. இனி வண்டலூருக்கு வருவோம்.

வண்டலூர் என்றால் இன்றைய தலைமுறைக்கு உயிரியல் பூங்கா. அதற்கும் பிந்தியவர்களுக்குப் பேருந்து நெரிசல். ஆனால் அந்தப் பகுதி ஒரு காலத்தில் கார் செய்த இடம். ஃபோர்டு மறைமலை நகருக்கு வருவதற்கும், பி.எம்.டபிள்யூ 2007இல் செங்கல்பட்டுக்குப் பக்கத்து மஹிந்திரா சிட்டியில் தொழிற்சாலை திறப்பதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் இருந்தது. 1948இல், சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. வான்கார்டில் ஆரம்பித்து, 1961 முதல் ஹெரால்ட். கல்கத்தாப் பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஹெரால்ட் என்று நாடே மூன்று கார்களில் அடங்கியிருந்த காலம். மூன்றில் அழகு எது என்று கேட்டால் நான் தயங்காமல் தெற்கைக் காட்டுவேன். இதில் மாநிலப் பற்று கொஞ்சம் கலந்திருப்பதை மறுக்கவில்லை.

அந்த அழகுக்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. காரின் உடலை ஒற்றைக் கூடாக வார்த்துத் தர ஆளில்லை. அதனால் ஹெரால்டைத் திட்டமிட்டபோது, உலகமே கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்குப் போனார்கள்: கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டகம், மேலே உடலின் பகுதிகளைத் தனித்தனியாக வெவ்வேறு சிறு பட்டறைகளில் செய்து வாங்கி போல்ட் போட்டு முடுக்குவது. வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. பழைய முறை, புதிய கோடுகள். 1959இல் கார் வெளிவந்தபோது முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் திறப்பதைப் போல முன்னோக்கித் திறந்தது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பியது. நம் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் எதைச் சொல்வது?

பகுதி பகுதியாகப் பூட்டும் இந்த முறையால் ஒரே சட்டகத்தின் மேல் எந்த உடலையும் வைக்க முடிந்தது. சலூன், கூப்பே, வேன், திறந்த கார் என்று எல்லாமே செய்தார்கள். 1962இல் அதே சட்டகத்தைக் குட்டையாக்கி, மேலே மிக்கெலோட்டி வரைந்த தாழ்ந்த இருவர் உடலைப் பூட்டினார்கள். அதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான, இங்கிலாந்துக் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் வாங்க முடிந்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார். மலிவான திறந்த காருக்கான வித்து அந்தச் சட்டகத்திலேயே இருந்தது என்று சொல்லலாம். அந்தச் சட்டகம் வண்டலூரிலும் இருந்தது. வித்து இருந்தது, முளைக்கவில்லை.

ஏன் என்பது பெரிய புதிர் அல்ல. எவ்வளவு கார் செய்யலாம் என்பதை லைசென்ஸ் தீர்மானித்தது. என்ன விலைக்கு விற்கலாம் என்பதில் அரசு தலையிட்டது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு இரண்டு பேர் உட்காரும் காரைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் 948 சிசியிலிருந்து 1147க்கும் பிறகு 1296க்கும் வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948தான். வளர்ந்தது கதவுகளின் எண்ணிக்கை: அறுபதுகளின் இறுதியில் உலகில் வேறெங்கும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை நம்மவர்கள் செய்தார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மூலக் காரின் கோடுகள் கெடாமல் இரண்டு கதவைக் கூடுதலாகச் சேர்த்தது, பெயர் தெரியாத உள்ளூர்ப் பொறியாளர்களின் அசலான வேலை. 1972இல் அது கெஸல் ஆனது. பின் அச்சு மாற்றப்பட்டது. 1977இல் கார் உற்பத்தியே நின்றது. பிறகு 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில், ரோவர் எஸ்டி1 காரின் பளபளப்பான உடலுக்குள் வான்கார்ட் காலத்து இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ஒரு கடைசி முயற்சி. (உயிரியல் பூங்கா வண்டலூரில் திறக்கப்பட்டதும் அதே வருடம்தான். அதற்குக் கூட்டம் வந்தது.) 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டது. பெருங்களத்தூரில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த நிலத்தில் இன்று கண்ணாடிச் சுவர் வைத்த கணினி நிறுவனக் கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே வேலை செய்யும் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் நடக்கும் தரையின் முந்தைய கதை தெரியும் என்று கேட்பது வீண்.

ஆகவே இப்போது மிச்சமிருக்கும் ஹெரால்டுகள்தான் அந்தத் தொழிற்சாலை. வேறு சின்னம் எதுவும் இல்லை. என் நிலைப்பாடு இங்கிருந்துதான் பிறக்கிறது: ஹெரால்டின் கூரையை வெட்டாதீர்கள், பிறர் வெட்டியதை அதிக விலை கொடுத்து வாங்கி, அடுத்தவரை வெட்டத் தூண்டாதீர்கள்.

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு இரும்பைப் பற்றியே பேசலாம். சட்டகம் தனியாக இருப்பதால் ஹெரால்டின் கூரையை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வாதம். பாதி உண்மை. மூலக் காரிலேயே கூரை தனிப் பகுதி; போல்ட்டுகளால் பூட்டப்பட்டது; கழற்ற முடியும். கழற்றுவதற்கும் கிரைண்டரால் அறுப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. நான் அருகில் சென்று பார்த்த திறந்த ஹெரால்டுகள் எல்லாமே அறுக்கப்பட்டவை. முன் கண்ணாடிச் சட்டத்தின் தலைப்பைச் சீராக முடிக்காமல் குழாய் வைத்து வெல்ட் செய்திருப்பார்கள். நான்கு கதவுக் காராக இருந்தால் நடுத்தூணும் போயிருக்கும். அப்புறம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கதவு இடுக்கு அகலும், சுருங்கும். அந்த இடுக்கில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை. செங்கல்பட்டில் பழைய கார் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "வெட்டறது ஒரு மணி நேர வேலை சார். மழை வந்தா மூடணும்ல, அதுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் யாரும் வழி கண்டுபிடிக்கல" என்றார். வெட்டிய காருக்கு மடங்கும் துணிக்கூரை யாரும் செய்து கொடுப்பதில்லை. தார்ப்பாய்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் டிசம்பர் முடியும்வரை கார் தார்ப்பாய்க்கு அடியில்; அந்த ஈரத்தில் தரைத் தகடு முதலில் போகும், சட்டகத்தின் பக்கவாட்டுக் கரங்கள் அடுத்து.

பிறகு சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை அழுத்தமாக உறுதி செய்தது. பதிவுச் சான்றிதழில் சலூன் என்றிருக்கும் கார் சாலையில் கூரையில்லாமல் போனால், ஒரு விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளும் கைகொடுக்காது. ஐம்பது வயது கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களுக்குத்தான் அந்தத் தனிப் பதிவு. சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்தவற்றுக்கு இல்லை. அப்படிப் பதிவு பெற்ற காரையும் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டும். ஆக, வெட்டப்பட்ட ஹெரால்ட் பழங்காரும் அல்ல, திறந்த காரும் அல்ல. அரசாங்கத்தின் கண்ணில் அது ஒரு பிழை.

மாமல்லபுரத்துக்காரர்களிடம் கூரையின் அருமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐந்து ரதங்களையும் நின்று பாருங்கள். திரௌபதி ரதத்துக்குக் குடிசைக் கூரை. பீம ரதத்துக்கு வண்டிக்கூண்டு போல் நீண்டு வளைந்த கூரை. நகுல சகதேவ ரதம் யானையின் முதுகு. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டுவதே கூரைதான். ஏழாம் நூற்றாண்டுத் தச்சனின் தேர்களில் லட்சணம் உச்சியில் இருந்தது. ஹெரால்டிலும் அப்படியே. பின் கண்ணாடிக்கு மேல் கூரை முடிகிற அந்தக் கோட்டில்தான் மிக்கெலோட்டியின் கை தெரிகிறது. அதை அறுத்து எறிந்துவிட்டு மிச்சத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி அழகு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

சரி, வேறு என்னதான் வாங்குவது? பணம் படைத்தவர்களுக்கான பட்டியல் எளிது, நமக்கு உபயோகமற்றது. பி.எம்.டபிள்யூவின் இசட்4 செங்கல்பட்டுத் தொழிற்சாலையில் கோர்க்கப்பட்டதல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் செய்து முழுதாக இறக்குமதியானது, தீர்வையோடு. எம்ஜி என்ற பழைய ஆங்கிலப் பெயரில் 2025 ஜூலையில் மின்சாரத்தில் ஓடும் சைபர்ஸ்டர் வந்தது. விலை ஏறக்குறைய 75 லட்சம். அவற்றை வாங்குகிறவர் யாரிடமும் யோசனை கேட்பதில்லை.

எட்டு லட்சத்துக்குள் திறந்த வாகனம் என்றால் நேர்மையான விடை ஜீப் வகைதான். 1985இல் வந்த மாருதி ஜிப்சியின் துணிக்கூரை வகை. அல்லது 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தாரின் துணிக்கூரை வகை, பழைய கார்ச் சந்தையில். பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் உண்டு. திறந்த வாகனமாகவே பதிவானவை என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. உயரமாக உட்கார்வதால் கல்குவாரி லாரியின் சக்கரம் முகத்துக்கு நேரே வராது. திருக்கழுக்குன்றம் சாலையில் போகிறவர்களுக்கு இதன் பொருள் தெரியும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லை இவற்றின் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதிலும் ஜிப்சியில் ஏறி உட்கார்ந்தால் ஓட்டுச் சேகரிக்கப் போகிற உணர்வு வந்துவிடுகிறது. மீண்டும் மேடை.

நாலாபுறமும் அலசிவிட்டு நான் நண்பருக்குச் சொன்ன பெயர் சான் ஸ்டார்ம். 1990களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இருவர் கார். இந்தியாவிலேயே திறந்த ஸ்போர்ட்ஸ் காராகக் கருதிச் செய்து, சாமானியர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் விற்கப்பட்டவை மிகச் சில. அவற்றில் முக்கியமானது இது. உருவம் பிரெஞ்சு வடிவமைப்பாளர்களுடையது. எஞ்சின் ரெனோவின் 1149 சிசி, ஏறக்குறைய 60 குதிரைச் சக்தி. இன்றைய சாதாரணச் சிறு காரைவிடக் குறைவுதான். ஆனால் ஃபைபர் உடல், குறைந்த எடை, தரையை ஒட்டிய இருக்கை. இப்படி உட்கார்ந்து போகும்போது அறுபது கிலோமீட்டர் வேகமே நூறாகத் தெரியும். சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே முழு இன்பத்தையும் தருகிற கார்தான் நம் சாலைக்கு உகந்தது. வார இறுதிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் கோரங்களை நாளிதழில் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கடலோரத்துக்கு ஃபைபர் உடல் கூடுதல் வரம். கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே வீசும் உப்புக் காற்று எந்தத் தகடையும் விட்டு வைக்காது, ஃபைபர் துருப்பிடிப்பதில்லை. அடியில் இருக்கும் இரும்புச் சட்டகம் துருப்பிடிக்கும். எனவே ஸ்டார்ம் பார்க்கப் போகிறவர் பளபளப்பை விட்டுவிட்டு மெக்கானிக் குழியில் இறங்கி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். கதவுக் கீல்களைச் சுற்றி ஃபைபரில் மயிரிழைக் கீறல்கள் இருந்தால் அது எங்கேயோ மோதியிருக்கிறது அல்லது கதவைப் பலமாக அறைந்து சாத்தும் வீட்டில் இருந்திருக்கிறது. ரேடியேட்டர் விசிறி தானாக ஓடத் தொடங்கும்வரை நிறுத்திவைத்த காரில் எஞ்சினை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளித்திருப்பது பெரிய குறை அல்ல, தைத்துக்கொள்ளலாம். உற்பத்தி நின்று பல வருடங்களாகிவிட்டதால் உடற்பாகங்கள் கிடைப்பது துர்லபம். எஞ்சினுக்கு அந்தக் கவலை குறைவு. ஐரோப்பாவில் கிளியோ, ட்விங்கோ போன்ற லட்சக்கணக்கான கார்களில் இருந்த அதே எஞ்சின், பாகங்களைத் தருவித்துக்கொள்ள முடியும். எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவுச் சான்றிதழ். தனியார் காருக்குப் பதினைந்து ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாகச் செய்த புதுப்பித்தல் உயிரோடு இல்லாத கார் எவ்வளவு மலிவானாலும் அது தோட்டத்து அலங்காரம் மட்டுமே. இந்தப் பக்கத்துத் தோப்பு வீடுகளில் கொடி படர்ந்து நிற்கும் பழங்கார்களைப் பார்க்கும்போதெல்லாம் பாரியின் ஞாபகம் வரும். அவன் தேரை முல்லைக்கு மனமறிந்து கொடுத்தான். இவர்கள் பேட்டரி தீர்ந்து கொடுத்தவர்கள்.

முழுதான, வெட்டப்படாத ஹெரால்ட் கிடைத்தால்? வாங்கலாம். ஆனால் அதைக் கூரையோடு நேசிக்க வேண்டும். வளைவில் வேகமாகப் போய் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால், பின் சக்கரம் அடிவயிற்றுக்குள் மடங்கும் குணம் கெஸலுக்கு முந்திய கார்களுக்கு உண்டு; நிதானமாக ஓட்டுகிறவருக்கு அது ஒருபோதும் தெரியவராது. டிரம் பிரேக்குகளுக்கு முன்னறிவிப்பு கொடுத்து நிறுத்திப் பழக வேண்டும். 2025 வாக்கில் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது வழக்கமாகிவிட்டதால், பெட்ரோல் பம்பின் சவ்வு, ரப்பர் குழாய்கள், கார்பரேட்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாக வேண்டும். இது கட்டாயம். இல்லாவிட்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். ஹெரால்டின் நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டு, முதலை வாயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஐம்பதில் போனால் கடற்காற்று போதுமான அளவுக்கு உள்ளே வரும்.

எந்தக் காராக இருந்தாலும் ஒரு பூகோள உண்மையை நண்பருக்கு நினைவூட்டினேன். அவர் கனவு கண்டது விடிகாலைப் பயணம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், நேர் கிழக்கே. காலையில் புறப்பட்டால் வழி முழுவதும் சூரியன் கண்ணில். மாலையில் திரும்பினால் மறுபடியும் கண்ணில். கூரையுள்ள காரில் முன் கண்ணாடிக்கு மேல் ஒரு மடிப்புப் பலகை இருக்கும்; திறந்த காரில் அதுவும் பெயரளவுக்குத்தான். எனவே திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். மாலை நான்கரைக்குப் புறப்படுவது. சூரியன் முதுகில், கடற்காற்று முகத்தில். இரவு மாமல்லபுரத்தில் தங்கல். மறுநாள் கல்தச்சர்களின் உளிச் சத்தம் தொடங்கும் முன் கிளம்பினால் திரும்பும்போதும் வெயில் முதுகில். வருடத்தில் இது நடக்கக்கூடியது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அப்புறம் கத்திரி, அதற்கப்புறம் ஈரப்புழுக்கம், அதற்கப்புறம் மழை. எட்டு லட்சத்தை வருடத்தில் எழுபது நாளுக்கு வகுத்துப் பார்த்து, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள் என்றேன்.

ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலையில் இருப்பவர் திறந்த காரை நினைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மருத்துவமனைக்கும் மளிகைக்கும் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் வீட்டில் வேறு கார் இருக்க வேண்டும். நண்பர் வீட்டில் பழைய வேகன் ஆர் இருக்கிறது. அதை விற்றுவிட்டுச் சிவப்பு ஹெரால்டோடு சேர்க்கலாம் என்ற யோசனையை அவர் இப்போது கைவிட்டுவிட்டார். ஹெரால்டின் சொந்தக்காரர் தொலைபேசியில் இருபதாயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். வெட்டிய கூரை எங்கே என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். அது பட்டறைக்குப் பின்னால், கோழிகளுக்கு நிழலாகக் கிடக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் கூரையையும் சேர்த்துக் கொடுப்பாரா, மறுபடி பொருத்த என்ன செலவாகும் என்று அந்த மெக்கானிக்கிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார் நண்பர். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு ஸ்டார்ம் பார்க்கவும் போகிறார்.